வராத பிள்ளையின் பெயருக்கு நேரே

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் சுவரோரம் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளிக்கு மட்டம் போடுவதைக் குற்றமாக்கலாமா என்று பேசச் சொல்லி நூலக வாசகர் வட்டத்தார் என்னை அழைத்தார்கள். அழைக்க வந்தவர்களில் ஒருவர் அன்றைக்கே சொன்னார்: "டீச்சர், பெத்தவங்களுக்கு அபராதம் போட்டாத்தான் வழிக்கு வருவாங்க. நீங்களும் அதையே சொல்லிடுங்க." அவர் இப்போது இந்த அவையில்தான் இருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் என்னால் அதைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

33 வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தேன். அதில் பாதி நாள் வருகைப் பதிவேட்டோடுதான் கழிந்தது. பதிவேட்டை எல்லோரும் மேலிருந்து கீழாகப் பார்ப்போம். இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கணக்குச் சொல்ல அது போதும். ஒரு பிள்ளையின் பெயரில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக நாலு மாதத்தை ஒன்றாகப் படித்துப் பாருங்கள். அது வேறு படிப்பு.

ஒரு பையன் செவ்வாய்க்கிழமைதோறும் வரமாட்டான். எங்கள் ஊரில் செவ்வாய்தான் சந்தை. அப்பாவுக்குத் துணையாகக் காய் மூட்டை இறக்கப் போய்விடுவான். இன்னொருவனுக்குத் திங்கட்கிழமைகளில் சிவப்பு மை. ஞாயிறு ராத்திரி அந்த வீட்டில் குடியும் சண்டையும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கணக்குப் பரீட்சை வைக்கிற நாளில் மட்டும் வராத பிள்ளைகள் இருந்தார்கள். அந்தச் சிவப்பு மைக்குக் காரணம் நாங்கள், எங்கள் கையில் இருந்த பிரம்பு.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாகப் படிப்பவள். மாதத்தில் நாலு நாள், ஐந்து நாள் வரமாட்டாள். "ஜுரம் டீச்சர்" என்பாள். ஜூனிலிருந்து அக்டோபர் வரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். நானும் ஒரு பெண்தான், எனக்கே உறைக்கவில்லை. ஒருநாள் விரலை வைத்து வரிசையாகப் படித்தபோதுதான், ஏறக்குறைய 28 நாளுக்கு ஒரு முறை அந்தச் சிவப்பு வருவது கண்ணில் பட்டது. எங்கள் பள்ளிக் கழிவறையில் மோட்டார் பழுதாகித் தண்ணீர் வராமல் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. மனு எழுதி அனுப்பியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்த ஐந்து மாதத்துக்கு அபராதம் போடுவதென்றால் அவள் அம்மாவிடமா வாங்குவது? என்னிடம்தானே வாங்க வேண்டும்?

அபராதம் நம் ஊரில் இல்லை என்று நினைக்காதீர்கள். பெயர்தான் வேறு. "நாளைக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிட்டு வா, இல்லேன்னா வகுப்புக்குள்ள வராதே" என்று சொல்லி அனுப்புகிறோமே, அது என்ன? நடவுக்குப் போகிற அம்மா பத்து மணிக்குப் பள்ளிக்கு வந்து நின்றால் அன்றைய கூலி போச்சு. ஒரு நாள் கூலியை அபராதமாகக் கட்டிவிட்டு, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் திட்டு வாங்கிக்கொண்டு போகிறாள். அடுத்த முறை பிள்ளை வராமல் போனால் அவள் பள்ளிப் பக்கமே தலைகாட்டமாட்டாள். அந்தப் பிள்ளையும் வரமாட்டான். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். செய்தும் இருக்கிறேன்.

உண்மையிலேயே குற்றமாக்கிப் பார்த்த இடங்களும் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் 2015 வரை, தகுந்த காரணமில்லாமல் ஆறு மாதத்தில் 10 நாள் பள்ளிக்கு வராவிட்டால் அது குற்றம். பிள்ளையைப் பெரியவர்களுக்கான குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். 500 டாலர் வரை அபராதம். 2013-ஆம் ஆண்டில் மட்டும் இப்படி ஒரு லட்சத்துக்கும் மேலான வழக்குகள். ஹூஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி, நல்ல மதிப்பெண் வாங்குபவள், குடும்பத்துக்காக இரண்டு வேலை பார்த்துக்கொண்டே படித்தவள். அசதியில் பள்ளியைத் தவறவிட்டதற்காக 2012-இல் அவளை ஒரு ராத்திரி சிறையில் வைத்தார்கள். ஊர் உலகமெல்லாம் கேள்வி கேட்ட பிறகு நீதிபதி தன் உத்தரவைத் திரும்பப் பெற்றார். 2015-இல் அந்த மாநிலமே சட்டத்தை மாற்றி, வராமை குற்றமில்லை என்று எழுதியது. அதற்கு முந்தின வருஷம் பென்சில்வேனியாவில் ஏழு பிள்ளைகளுக்குத் தாயான 55 வயதுப் பெண், பிள்ளைகள் பள்ளிக்குப் போகாததற்கான அபராதத்தைக் கட்ட முடியாமல் இரண்டு நாள் சிறைக்குப் போனார். அங்கேயே இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்படியானால் கட்டாயமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த மண்ணில் கட்டாயக் கல்வியை முதலில் துணிந்து கொண்டுவந்தவர்களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட்டை மறக்க முடியாது. 1893-இல் ஒரு வட்டாரத்தில் தொடங்கி, 1906-இல் தம் சமஸ்தானம் முழுக்க விரித்தார். அவரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார். அவர் நோக்கம் உயர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. விடுதலைக்கு முந்தைய தேசத் தலைவர் கோபால கிருஷ்ண கோகலே அதே ஆசையோடு கொண்டுவந்த கட்டாயக் கல்வி மசோதாவை 1912-இல் தோற்கடித்தார்கள். கட்டாயம் வேண்டும் என்பதில் நான் அவர்கள் பக்கம்தான். யாரைக் கட்டாயப்படுத்துவது என்பதில்தான் என் பேச்சு வேறு.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10-ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனை எதுவும் சொல்லவில்லை. 'கட்டாயம்' என்ற சொல்லுக்கு 8-ஆம் பிரிவு கொடுக்கும் பொருள்தான் முக்கியம்: 6 முதல் 14 வயது வரை ஒவ்வொரு பிள்ளையும் சேர்ந்து, தொடர்ந்து வந்து, எட்டாம் வகுப்பை முடிப்பதை உறுதிசெய்வது அரசின் கடமை. தண்டனை வேண்டுமென்றால் அதற்கும் சட்டம் இருக்கிறது, 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளையை வேலைக்கு வைக்கிற முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே 2016 திருத்தம், பள்ளி விட்ட பிறகு ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. வீட்டுத் தொழிலில் உழைத்துக் களைத்த பிள்ளை காலையில் எழுந்து வருமா? அந்தக் கதவை மூட வேண்டும் என்று கேட்க நமக்கு வாய் இருக்கிறது.

1920-இல் சென்னை மாகாணத்தில் இரண்டு காரியம் நடந்தது. தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து ஒரு சட்டம் வந்தது. அதே வருஷம் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடிவெடுத்தது. அந்தச் சட்டம் இன்று எத்தனை பேர் நினைவில் இருக்கிறது? சாப்பாடு காமராசர் காலத்தில் 1956-இல் மாநிலமெங்கும் விரிந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982-இல் சத்துணவானது, 2022 செப்டம்பரில் காலை உணவாகவும் வந்துவிட்டது. பசியால் வராத பிள்ளைகளை எந்தப் போலீஸும் கூட்டிவரவில்லை, சோறுதான் கூட்டிவந்தது.

ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவன், சினிமாவுக்குப் போகிறவன் இல்லையா என்றால், உண்டு. அவனிடம் கண்டிப்பாகப் பேசத்தான் வேண்டும். அவனையும் போலீஸ் ஜீப்பில் ஏற்ற வேண்டியதில்லை. பெயரை வெட்டித் துரத்தவும் கூடாது. எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது.

இன்னொரு சேதி சொல்லிவிட்டு இறங்குகிறேன். பொங்கல் முடிந்ததும் நம் பக்கத்துக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்குக் கல் அறுக்கப் புறப்பட்டுவிடுவார்கள். மழைக்கு முன்னால் திரும்பமாட்டார்கள். ராத்திரியோடு ராத்திரியாக லாரி வரும், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகும். மறுநாள் பதிவேட்டில் மூன்று பெயருக்கு நேரே சிவப்பு மை. அந்தப் பிள்ளைகளைச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கலாம். டி.சி. வரவில்லை என்று சொல்லி அங்கே சேர்க்க மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது, அதுவும் சட்டம். ஆனால் லாரி கிளம்பும் முன் எந்த ஊர், எந்தச் சூளை, எந்த மேஸ்திரி என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் யாராவது முன்பணம் வாங்கியிருந்தால், வீட்டையும் பிள்ளைகள் படிக்கிற வகுப்பையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். தை பிறக்க இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.