குடம் தானாக நகராது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, தண்ணீர் அதைவிடக் குறைவு என்று எதிரணி மிரட்டிவிட்டதால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

'உலகம் தண்ணீருக்குத் தவிப்பது இருப்பு போதாமலா, பங்கீடு சரியில்லாமலா?' பங்கீடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் கணக்குச் சொன்னார். உலகத் தண்ணீரில் நூற்றுக்கு 97.5 பங்கு உப்பு. மிச்சம் இரண்டரைதான் நன்னீர். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. சரி அண்ணே, கணக்கு சரி. மிச்சத்தை என்ன செய்தோம்? சிரபுஞ்சியில் வருஷத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அந்த ஊர்ப் பெண்கள் மழை ஓய்ந்த மாதங்களில் குடத்தோடு அலைகிறார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? 2015 டிசம்பரில் சென்னையில் மாடியில் நின்று படகுக்குக் கை காட்டினோம். 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயிலில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வில்லிவாக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வரவேற்பு. வானம் கொடுக்காமலா போனது? கொடுத்ததை வைக்க இடமில்லை. ஏரியில் நாம் வீடு கட்டிக் குடிபோய்விட்டோம்.

இதை இன்னும் பேசலாம். ஆனால் அண்ணன் போகிற போக்கில் ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். "தண்ணீர் நிறைய வந்தாலும் நம் பெண்கள் குழாயடிச் சண்டையை விடமாட்டார்கள்." கை தட்டிய அக்காமார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதற்குப் பதில் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

2019 கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி ராத்திரி பதினொன்றுக்கு வரும், ஒன்றுக்கு வரும், வராமலும் போகும். அதனால் சாயங்காலமே குடங்கள் வரிசையில் நிற்கும். பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், குடம் இல்லாத வீட்டுக்கு ஒரு செங்கல், செங்கலும் இல்லாத வீட்டுக்கு ஒற்றைச் செருப்பு. அந்தச் செருப்புக்கும் மரியாதை உண்டு அண்ணே, அதை யாரும் தாண்டமாட்டார்கள்.

வரிசைக்கு நீதிபதி ஒரு ஆயா. ஒருநாள் ஒன்பதாவதாக இருந்த ஆரஞ்சுக் குடம் நாலாவது இடத்தில் நின்றது. "காத்துல நகர்ந்திருக்கும் ஆயா" என்றாள் குடத்துக்காரி. ஆயா குடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "குடம் தானா நகராதுடி." அவ்வளவுதான் விசாரணை. குடம் கடைசிக்குப் போனது. தீர்ப்பு இன்னும் இருக்கிறது, கேளுங்கள். வீட்டுக்கு நாலு குடம். பிள்ளைத்தாச்சிக்கு வரிசை இல்லை. கல்யாண வீட்டுக்கு ரெண்டு குடம் சேர்த்து. மாடிவீட்டுக்காரர் இரண்டு டிரம்மோடு வந்தார். "உன் வீட்டு போர்ல மோட்டார் ஓடுற சத்தம் எனக்குக் கேக்குது, தூக்கிட்டுப் போ." தூக்கிக்கொண்டு போய்விட்டார்! மேல்முறையீடு கிடையாது.

காவிரிக்கு 1990இல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. அதன்பிறகு உச்ச நீதிமன்றம் போய் 2018இல்தான் 177.25 டி.எம்.சி. என்று ஒரு முடிவு. பெரிய பெரிய வக்கீல்கள், கட்டுக் கட்டாக ஆவணம். ஆயாவிடம் இருந்தது ஒரு தெருவிளக்கும் ஒரு வெற்றிலைப் பெட்டியும். ஆரஞ்சுக் குட வழக்கு முடிய இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? நடுவர் அவர்களே, உங்களைக் குறை சொல்லவில்லை, நீங்கள் வேறு மன்றம்.

குழாயடிச் சண்டை என்று சிரிக்கிறீர்களே, அங்கே நடந்தது பங்கீடு அண்ணே. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, ஒத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிஷம்.

ஆயாவின் குடம் எப்போதும் வரிசையில் கடைசி. ஒரு ராத்திரி அது பாதி நிறைந்தபோதே லாரி காலி. குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த டிரைவர் தயங்கித் தயங்கி வந்தான். எங்கள் வீட்டுப் பையன் வயசுதான் இருக்கும். "ஆயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" ஊருக்கே தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தவன் கேட்கிறான். எங்கள் எல்லார் குடமும் அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டது. ஆயா அந்தப் பாதிக் குடத்திலிருந்து சொம்பில் மொண்டு கொடுத்தார். அவன் குடித்தான். "இன்னொண்ணு குடிடா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் வரிசையில் முதல் குடம் ஆயாவுடையது. ஆயா வந்து பார்த்தார். "யாருடி இதை இங்க வெச்சது? குடம் தானா நகராது!" பச்சைக் குடத்துக்காரி வானத்தைப் பார்த்தாள். ஆரஞ்சுக் குடத்துக்காரி தரையைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். இருபது பெண்கள் அண்ணே, ஒருத்தி வாயைத் திறக்கவில்லை.