அந்தக் கறுப்பு ஷூ யாருடையது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நேரா வழக்குக்கு வர்றேன்.

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் 1962 அக்டோபர் 12-ஆம் தேதி தன் அப்பாவை நோக்கிப் பேசற மாதிரி எழுதின 'டாடி' கவிதை. அது வாக்குமூலக் கவிதை, அதாவது சொந்த வாழ்க்கையோட வலியைத் திறந்து சொல்ற கவிதைங்கிறதுல ரெண்டு அணிக்கும் சண்டை இல்லை. அதை சர்ரியலிசக் கணக்குலயும், அதாவது புத்தியை ஒதுக்கிட்டுக் கனவு மாதிரி எழுதற வகையிலயும் சேர்க்கலாமாங்கிறதுதான் கேள்வி. சேர்க்கக் கூடாதுங்கிறது எங்க அணி.

எதிரணித் தலைவி அம்மா பேசி முடிச்சு உட்காரும்போது ஒரு அம்பு விட்டாங்க. "இந்தக் கவிதையில ஒரு பொண்ணு கறுப்பு ஷூவுக்குள்ள முப்பது வருஷம் குடியிருக்கா. இது கனவு இல்லைன்னா அந்த ஷூ என்ன சைஸுன்னு அந்த ஐயா சொல்லட்டும்!" அரங்கமே கை தட்டுச்சு. தட்ட வேண்டிய பேச்சுதான். அம்மா, சைஸ் எனக்குத் தெரியாது. ஆனா அது யாரோட ஷூ, அதுக்குள்ள கால் ஏன் இல்லைங்கிறது தெரியும். சொல்றேன், கேளுங்க.

ஆட்டோ பிளாத், சில்வியாவோட அப்பா. பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், தேனீ ஆராய்ச்சியாளர். அவருக்கு உடம்பு இளைச்சுக்கிட்டே போச்சு. நண்பர் ஒருத்தர் நுரையீரல் புற்றுநோய்ல இறந்திருந்தார். தனக்கும் அதேதான்னு அவரே முடிவு கட்டிட்டு, வருஷக்கணக்கா டாக்டர்கிட்டயே போகலை. 1940 கோடையில ஒரு நாள் அவசரமா கிளம்பும்போது கால் சுண்டுவிரல் அலமாரியோட அடியில இடிச்சுது. சாதாரண இடி, நம்ம வீட்டுல வாரம் ஒருத்தர் இடிச்சுக்கிற இடி. சாயங்காலம் ஷூவையும் சாக்ஸையும் கழட்டினா விரல் கறுத்திருக்கு. கணுக்கால் வரைக்கும் சிவப்புக் கோடு ஏறியிருக்கு. சோதிச்சுப் பார்த்தா சர்க்கரை நோய்! இன்சுலின் கண்டுபிடிச்சு அப்ப 19 வருஷம் ஆச்சு. முன்னாடியே போயிருந்தா பிழைச்சிருக்கலாம். அக்டோபர்ல தொடையோட காலை எடுத்தாங்க. நவம்பர் 5-ஆம் தேதி நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைச்சு உயிர் போச்சு. இவ்வளவு அறிவாளி இப்படி முட்டாளா இருந்துட்டாரேன்னு வைத்தியம் பார்த்த டாக்டரே வாய்விட்டுச் சொன்னாராம்.

இதையே திரும்பச் சொல்றேன். இந்தத் தடவை மனசுல கவிதையை வெச்சுக்கிட்டுக் கேளுங்க. முதல் பத்தியில என்ன இருக்கு? கறுப்பு ஷூ, அதுக்குள்ள ஒரு காலைப் போல முப்பது வருஷம் வாழ்ந்த மகள். ரெண்டாவது பத்தியில? சிலை மாதிரி ஒரு அப்பா, சாம்பல் நிறத்துல ஒரே ஒரு கால்விரல். அந்த விரல் எவ்வளவு பெருசு? சான் பிரான்சிஸ்கோ கடல்நாய் அளவு. எதிரணி இதைக் கனவுங்கிறாங்க. அந்தக் கறுத்த விரலைக் கேள்விப்பட்ட ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு அது எத்தனை பெருசா இருந்திருக்கும்! அந்த ஒரு விரல்தானே அப்பாவையே கொண்டுபோச்சு? கால் போன வீட்டுல ஷூ மிஞ்சும். அப்பா காலை எடுத்த இடத்துல நான் காலா இருந்தேன்னு மகள் சொல்றா. சைஸ் கேட்டீங்களே அம்மா, அந்த ஷூவுக்கு வைத்தியக் குறிப்பே இருக்கு!

சர்ரியலிசம்னா என்ன? அந்த இயக்கத்தோட தலைவர், பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924 அறிக்கையில செய்முறையே எழுதி வெச்சிருக்கார். மனசு குவியிற இடத்துல உட்காரு. காகிதம், பேனா கொண்டுவரச் சொல்லு. உன் திறமை, மேதைமை எல்லாத்தையும் மற. பொருள்னு ஒண்ணை முன்கூட்டி யோசிக்காதே. எழுதினது ஞாபகத்துல நிக்காத வேகத்துல எழுது, திரும்பிப் படிக்காதே. ஏன்? படிச்சா புத்தி விழிச்சுக்கும், திருத்த ஆரம்பிச்சிடும், காரியம் கெட்டுச்சு. நடுவுல தடை வந்தா? ஏதாவது ஒரு எழுத்தை, 'எல்'னே வெச்சுக்கோ, எப்பவும் அதே எழுத்தை அடுத்த வார்த்தைக்கு முதல் எழுத்தாப் போட்டுத் தொடரு. 1919-ல அவரும் இன்னொரு கவிஞர் சுப்போவும் சேர்ந்து இப்படி எழுதினப்ப அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேகத்தை மாத்திக்கூடப் பார்த்தாங்க. புத்தியோட காவல் இருக்கவே கூடாதுங்கிறதுதான் அவங்க சட்டம்.

இப்ப 'டாடி'யை எடுங்க. ஐந்தைந்து வரியா 16 பத்தி, மொத்தம் 80 வரி. அதுல பாதி அளவுக்கு வரிக்கடைசியில ஒரே 'ஊ' ஓசை: டூ, ஷூ, யூ, ப்ளூ. முதல் வரி 'டூ'ன்னு முடியுது, கடைசி வரி 'த்ரூ'ன்னு முடியுது. திரும்பிப் படிக்காம இதைக் கட்ட முடியுமா நடுவர் அவர்களே?

சர்ரியலிஸ்டுகள் கொண்டாடின ஓவியர் கிரிக்கோவோட ஓவியத்தை வெச்சு பிளாத் 1957-லயே கவிதை எழுதினாரேன்னு எதிரணி கேட்டாங்க. எழுதினார். ஓவியத்தைப் பார்த்து எழுதறது வேற, ஓவியன் வழியில எழுதறது வேற. அப்பா நாஜியே இல்லையே, அதை எங்கிருந்து கொண்டுவந்தார்னும் கேட்டாங்க. நியாயமான கேள்வி. பிபிசிக்காக இந்தக் கவிதைக்கு எழுதின முன்னுரையில பிளாத்தே சொல்லிட்டார்: பேசறவள் ஒரு பாத்திரம், அப்பாவைக் கடவுளா நினைச்சப்பவே அவரை இழந்தவள், அப்பா நாஜிங்கிறது அந்தப் பாத்திரத்தோட நிலைமை. தெரிஞ்சு போட்ட வேஷத்தைத் தூக்கத்துல வந்த உளறல்னு சொல்லலாமா?

கவிதை எழுதி 18 நாள்தான் ஆச்சு, அக்டோபர் 30. பிளாத், பீட்டர் ஆர்ங்கிறவருக்குப் பேட்டி கொடுக்கிறார். பித்து, சித்திரவதை மாதிரி எவ்வளவு கொடுமையான அனுபவமா இருந்தாலும் தெளிஞ்ச புத்தியால அடக்கி ஆளத் தெரியணும்னு சொல்றார். இதைவிட என்ன சாட்சி வேணும்?

சாட்சியெல்லாம் இருக்கட்டும். எனக்கு அந்தப் பிள்ளைதான் கண்ணுக்குள்ள நிக்குது. அப்பா செத்துட்டார்னு அம்மா வந்து சொன்னப்ப, இனிமே கடவுள்கிட்ட பேசவே மாட்டேன்னுது. அன்னிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மா கையில ஒரு காகிதத்தைக் கொடுத்துது. இனி கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு வாக்குறுதி, கையெழுத்துப் போடணுமாம். அந்தம்மா போட்டாங்க. கடைசி வரைக்கும் பண்ணிக்கவும் இல்லை. எட்டு வயசுல எழுதின காகிதம் அது! 22 வருஷம் கழிச்சு அதே பிள்ளை ரெண்டு குழந்தைக்குத் தாய். குழந்தைங்க விழிக்கிறதுக்கு முன்னாடி, விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்து எழுதின கவிதைங்க இதெல்லாம். நாலு மாசத்துல அவரும் போயிட்டார், 30 வயசு.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க கையில. அவர் சொன்னதைக் கனவுன்னு எழுதிடாதீங்க. அவங்க அப்பா நெசமாவே செத்துப்போனார். நன்றி, வணக்கம்.