குதிரைவாலிப் புல் ஒன்றா, இரண்டா?

அடுத்த கேள்வி. விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நெல்லை நேரடியாக விதைத்த வயல் தாக்கில் குட்டையாக ஒரு புல் வருகிறது. நாற்று நட்ட தாக்கில் இடுப்பளவுக்கு ஒன்று வளர்கிறது. ஊரில் இரண்டையும் குதிரைவாலிப் புல் என்றே சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? நாம் சமைக்கும் குதிரைவாலியும் இதுதானா?”

ஒன்றல்ல ஐயா, பங்காளிகள். குட்டையானது எக்கினோகுளோவா கொலோனா. நெடியது எக்கினோகுளோவா குரூஸ்-கல்லி. குரூஸ்-கல்லி என்றால் சேவலின் கால் என்று பொருள். பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை, கதிரை மட்டும் கவனியுங்கள். உயரத்தை நம்பவே வேண்டாம். உரம் கிடைத்தால் குட்டையும் முழங்காலைத் தாண்டிவிடும்.

கொலோனாவின் கதிரில் ஒரு கிளையை ஒடித்து உள்ளங்கையில் வையுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். மணிகள் நான்கு வரிசையாக, கோத்துவைத்ததுபோல ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். மணியின் நுனியில் முடிபோல நீளும் மீசை இருக்காது. மற்றதில் மணி சற்றுப் பெரியது, நெருக்கியடித்துக்கொண்டு தாறுமாறாக நிற்கும். பல செடிகளில் நீண்ட மீசையும் உண்டு. மீசை இருந்தால் அது கொலோனா அல்ல என்று துணிந்து சொல்லலாம். இல்லாவிட்டால் அவசரப்படாதீர்கள், குரூஸ்-கல்லியிலும் மீசையில்லாத செடிகள் இருக்கின்றன.

கதிர் வராத இளஞ்செடியில் இவை இரண்டையும் பிரித்தறிவது எனக்கே கடினம். நெல்லிலிருந்து பிரிப்பது சுலபம். இலை தண்டைத் தழுவும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெண்மையான சவ்வு நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். இந்தப் புற்கள் இரண்டுக்கும் அது கிடையாது, வழவழவென்று இருக்கும். இதைப் பார்க்காமல் நானும் ஒருமுறை நல்ல நெல்லைப் பிடுங்கி வரப்பில் எறிந்திருக்கிறேன்.

உங்கள் இரண்டு தாக்குகளிலும் புல் மாறி வருவதற்குத் தண்ணீர்தான் காரணம். கொலோனா காய்ச்சலும் ஈரமுமான மண்ணில் முளைப்பது. முளைக்கும் முன்பே தண்ணீர் கட்டி நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும். குரூஸ்-கல்லியோ காற்றில்லாத சேற்றிலும் முளைத்து வரும். விரலளவு தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அங்கே கையால் எடுத்தே ஆக வேண்டும்.

இனி அடுப்படிக் கேள்வி. நாம் சமைக்கும் குதிரைவாலி, கொலோனாவிலிருந்து இந்தியாவில் பயிராக மாறியது. ஜப்பானியர் ‘ஹியே’ என்று சாப்பிடுவது குரூஸ்-கல்லியிலிருந்து வந்தது. ஆக, பங்காளிகள் இருவரும் ஆளுக்கு ஒரு தானியத்தைத் தந்திருக்கிறார்கள். அதற்காக வயலில் நிற்கும் புல்லை அறுத்துச் சமைக்க நினைக்காதீர்கள். பயிரான குதிரைவாலி முற்றினாலும் மணியைப் பிடித்துவைத்திருக்கும். காட்டுப் புல்லோ முற்ற முற்ற உதிர்த்துவிடும், நீங்கள் அரிவாளோடு போகும்போது பாதி மண்ணில் கிடக்கும். அடுத்த போகத்துக்கு அதுதான் விதை. கதிர் தள்ளியதைப் பார்த்ததுமே பிடுங்கிவிடுங்கள்.