தட்டில் எண்ணெயைக் குறைக்காதீர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குழந்தைகளின் உணவைப் பற்றித் தாய்மாரோடு பேசிவரும் உணவியலாளர் நான். நம்மில் பலர் கேள்விப்பட்டிராத சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோயைப் பற்றி இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

பழுதுபட்ட ஒரு மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேரும்போது, குழந்தையின் உடலில் சளியும் செரிமான நீரும் பிசின்போலக் கெட்டிப்படுகின்றன. நுரையீரலில் ஓயாத இருமல் உண்டாகிறது. கணையக் குழாய் அடைபட்டுவிடுவதால், உண்ட கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் நோய் என்றாலும், இந்தியக் குழந்தைகளிடமும் மலாய்க் குழந்தைகளிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது.

"நன்றாகத்தான் சாப்பிடுகிறான், உடம்பில் ஒட்டவில்லை" என்று தாய் சொல்லும்போது அந்தக் குழந்தையின் மலத்தைப் பற்றி நான் கேட்பேன். வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு, தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகாமல், அறை முழுவதும் நாற்றம் வீசினால், அது சாதாரண வயிற்றுப்போக்கு அன்று. ஆனால் வீட்டில் பாட்டி அதை மாந்தம் என்பார். எண்ணெய், தேங்காய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறுங்கஞ்சி கொடுக்கச் சொல்வார். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். எனினும் இந்நோயுள்ள பிள்ளையை அந்தக் கஞ்சி மேலும் மெலிய வைத்துவிடும்.

ஒரு காலத்தில் மருத்துவர்களே கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஆனால் கனடாவின் டொரண்டோ மருத்துவமனை, கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்து, அதைச் செரிக்க வைக்கும் நொதி மருந்தையும் கூட்டிக் கொடுத்தது. 1988-இல் வெளியான ஒப்பீட்டில், கொழுப்பைக் குறைத்துவந்த அமெரிக்காவின் பாஸ்டன் நோயாளிகளின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் எட்டும் வயது, 21 ஆண்டுகளாகவும் டொரண்டோவில் 30 ஆண்டுகளாகவும் இருந்தது; டொரண்டோ பிள்ளைகள் உயரமாகவும் வளர்ந்திருந்தார்கள். எடை ஏறும் பிள்ளையின் நுரையீரலும் நன்றாக இயங்குகிறது என்பதால், உணவை நான் மருந்தாகவே கருதுகிறேன்.

இப்பிள்ளைகளுக்கு வழக்கமான சக்தியைவிட ஒன்றரை மடங்கு, சிலருக்கு இரு மடங்குகூடத் தேவைப்படலாம். அதற்கு விலையுயர்ந்த மாவு வாங்க வேண்டியதில்லை. கஞ்சியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால், தோசையில் நல்லெண்ணெய், பருப்பில் நெய், தேங்காய்ப்பால் சோற்றில் வறுத்த நெத்திலியும் முட்டையும் வைத்த நாசி லெமாக் ஆகியவை நம் சமையலறையிலேயே இருக்கின்றன.

கொழுப்புள்ள எந்த உணவோடும், ஒரு குவளைப் பாலோடும்கூட, நொதி மாத்திரை சேர வேண்டும். அதைச் சாப்பாட்டின் தொடக்கத்திலேயே கொடுப்பது நல்லது. விழுங்க முடியாத குழந்தைக்கு உறையைத் திறந்து, உள்ளிருக்கும் மணிகளை நசுக்காமல், ஒரு தேக்கரண்டி ஆப்பிள் கூழில் கலந்து உடனே ஊட்டுங்கள். பிறகு வாயைத் திறந்து பாருங்கள். ஈறோரத்தில் ஒட்டிக்கொண்ட மணி அங்கேயே புண்ணாக்கிவிடும். மலம் சரியாகவில்லை என்று அளவை நீங்களே கூட்டாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் மிக அதிக அளவு எடுத்துக்கொண்ட சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கிப்போனது.

இன்னொன்று உப்பு. இவர்களின் வியர்வையில் உப்பு மிகுதியாக வெளியேறுவதால், முத்தமிடும் தாய்க்கே அது நாக்கில் தெரியும். நம் ஊர் வெயிலில் திடலில் ஓடியாடும் பிள்ளைக்கு வெறும் தண்ணீர் போதாது. கூடுதல் உப்பு எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு நேரத்தில் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவக் குடும்பங்களும் முஸ்லிம் அண்டை வீட்டாரும் இதைக் கேட்டுத் தயங்குவது இயல்பு. தயக்கத்தை மருத்துவரிடமும் உங்கள் சமயப் பெரியவரிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். அதுவரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.