லாஸ் வேகஸும் ஓட்டல் அறையும்

வணக்கம் நேயர்களே. லாஸ் வேகஸ் என்றதும் சீட்டுக்கட்டும் சுழலும் சக்கரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பாலைவன ஊர் வளர்ந்ததில் சூதாட்ட மேசையைவிட ஓட்டல் அறைக்குத்தான் பங்கு அதிகம். இதை இன்று இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே அங்கே பெரிய விஷயம். ஆனாலும் ஊற்றுகள் இருந்தன, புல் முளைத்தது. ஸ்பானிய மொழியில் வேகஸ் என்றால் புல்வெளிகள். நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயில் கம்பெனி வந்தது. 1905 மே மாதம் மனைகளை ஏலம் விட்டது. ஊர் பிறந்தது அப்படித்தான். 1931 மார்ச்சில் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டு, பக்கத்தில் கொலராடோ ஆற்றில் ஹூவர் அணை வேலையும் தொடங்கியது. தொழிலாளர்களுக்கென்று அரசு கட்டிய போல்டர் சிட்டியில் மதுவும் கூடாது, சூதும் கூடாது. சம்பள நாளில் அவர்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போல்டர் சிட்டியில் சூதாட்டத் தடை இன்றும் இருக்கிறது!

1941-ல் தாமஸ் ஹல் என்ற ஓட்டல்காரர் நகர எல்லைக்கு வெளியே, லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலை ஓரம் ‘எல் ராஞ்சோ’ ஓட்டலைக் கட்டினார். நிலம் மலிவு, நகர வரி கிடையாது, கார் நிறுத்த இடம் தாராளம். இன்று படங்களில் பார்க்கிறோமே, விளக்கு மின்னும் ‘ஸ்ட்ரிப்’ என்கிற சாலை, அதன் பெரும்பகுதி இப்போதும் சட்டப்படி லாஸ் வேகஸ் நகரத்துக்குள் இல்லை.

இனி ஃபிளமிங்கோ. இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பக்ஸி சீகல் என்ற நிழல் உலக ஆசாமி, வேறொருவர் தொடங்கிய கட்டடத்தைக் கைக்குள் போட்டுக்கொண்டு, செலவை எக்கச்சக்கமாக ஏற்றி, 1946 டிசம்பர் 26-ல் திறந்தார். சூதாட்டக்கூடம் தயார், மேடை தயார். தூங்குவதற்கு அறைதான் தயாராகவில்லை. வந்தவர்கள் ஆடினார்கள், ஜெயித்தவர்கள் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வேறு ஓட்டலில் படுக்கப் போனார்கள். ஃபிளமிங்கோவுக்கு நட்டம். சில வாரங்களில் மூடிவிட்டு, அறைகளை முடித்து, 1947 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். லாபம் வரத் தொடங்கியது. ஆனால் ஜூனில் சீகலைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அறை இல்லாவிட்டால் சூதாட்டக்கூடத்துக்கு ஏன் நட்டம்? ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் சக்கரத்தில் உருளும் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் கட்டுவார்கள். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள்: ஒன்று முதல் 36 வரை, ஒரு சைபர், ஓர் இரட்டைச் சைபர். ஓர் எண்ணில் ஒரு டாலர் வைத்து ஜெயித்தால் 35 டாலர் தருவார்கள், வைத்த டாலரும் திரும்பும், மொத்தம் 36. ஆக 38 தடவை ஆடினால், சராசரியாக 38 டாலர் போய் 36 திரும்பும். இரண்டு டாலர் மேசையிலேயே தங்கும். நூற்றுக்கு ஐந்தேகால்! அவ்வளவு மெல்லிய லாபம். அரை மணி நேரம் ஆடுபவன் ஜெயித்துவிட்டுப் போகலாம். மூன்று நாள் தங்கி ஆடினால் கணக்கு அவனைப் பிடித்துவிடும். அதற்குத்தான் அறை. வாடகையைக் குறைத்தார்கள், சாப்பாட்டை மலிவாகப் போட்டார்கள், எல்லாம் ஆளை இரவு தங்கவைக்க.

அப்புறம் ஒரு சிக்கல். வெள்ளி முதல் ஞாயிறு வரை லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள் நாலைந்து மணி நேரம் காரோட்டி வந்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை அறைகளுக்கு யார் வருவார்கள்? 1959-ல் மாநாட்டு மையம் கட்டினார்கள். செலவுக்கு ஓட்டல் அறைக்கு வரி. கட்டுபவர் வெளியூர்க்காரர், உள்ளூர்க்காரருக்கு வலிக்காது. மாநாட்டுக்கு வருபவர் அதிகம் ஆடமாட்டார், ஆனால் அறைக்கு முழு வாடகையை அவருடைய கம்பெனி கட்டிவிடும். அந்த ஊரில் யாரோ செய்த மிகக் கெட்டிக்காரத்தனமான காரியம் இதுதான் என்பேன். மறுபடியும் அறைதான், பாருங்கள்.

பெரிய முதலீடு வந்தது 1969-க்குப் பிறகு. அதுவரை சூதாட்டக்கூடத்தின் பங்குதாரர் ஒவ்வொருவரும் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான பங்குதாரர் உள்ள கம்பெனி எப்படி வாங்கும்? ரொக்கமாகப் பணம் புரட்டக்கூடிய நிழல் ஆட்களுக்கு அது வசதியாகப் போயிற்று. சட்டத்தை மாற்றியதும் ஹில்டன் போன்ற கம்பெனிகள் நுழைந்தன. 1978-ல் அட்லாண்டிக் சிட்டியிலும் சூதாட்டம் வந்துவிட, வேகஸின் தனியுரிமை போயிற்று. பதிலுக்கு 1989-ல் ஸ்டீவ் வின் 63 கோடி டாலரில், மூவாயிரம் அறைகளோடு, வாசலில் செயற்கை எரிமலை வைத்து ‘மிராஜ்’ ஓட்டலைத் திறந்தார். பத்தாண்டுக்குள் ஸ்ட்ரிப் ஓட்டல்களில் அறை, சாப்பாடு, நிகழ்ச்சி வருமானம் சூதாட்ட வருமானத்தைத் தாண்டியது.

கண்ணாடிக்கு அப்பால் விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். தண்ணீரைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், சுருக்குகிறேன். கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு மூன்று லட்சம் ஏக்கர் அடி, நம் கணக்கில் 13 டி.எம்.சி. குளியலறையில் போகும் தண்ணீரைச் சுத்திகரித்து, ஹூவர் அணையில் தேங்கும் மீட் ஏரிக்கே திருப்பிவிடுகிறார்கள். திருப்பிய அளவுக்கு மறுபடி எடுக்கலாம். அதனால் ஓட்டல் குளியல் அங்கே பெரிய வீண் இல்லை. ஆவியாகிப் போவது புல்தரைக்கு விடும் தண்ணீர்தான். சாலையோரத்திலும் அலுவலக வாசலிலும் அழகுக்கு வளர்க்கும் புல்லுக்கு 2027 முதல் ஆற்றுநீர் விடக்கூடாது என்று 2021-ல் சட்டமே போட்டார்கள். விமான நிலையத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.