கதவைப் பூட்டிப் பதிவு செய்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான நிர்வானாவின் இரண்டாவது ஆல்பம் 'நெவர்மைண்ட்', 1991 செப்டம்பர் 24-ல் வந்தது. முதல் ஆல்பமான 'ப்ளீச்' அறுநூற்றுச் சொச்சம் டாலரில் முடிந்த பதிவு. 'நெவர்மைண்ட்' கலிபோர்னியாவில் வான் நைஸ் என்ற இடத்தில், சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவில் பதிவானது. புரொட்யூசர் புட்ச் விக். பணம் போடுகிறவர் என்று நினைக்க வேண்டாம். பதிவை முன்னின்று நடத்துகிறவர்.

எல்லாரும் இந்த ஆல்பத்தின் கிடார் இரைச்சலைப் பேசுவார்கள். நான் குரலைக் கேளுங்கள் என்பேன்.

'இன் ப்ளூம்' பாட்டில், குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான கர்ட் கோபேனின் குரல் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது? ஒரு முறை பாடியதையே இன்னொரு டிராக்கில், அதாவது தனிப் பதிவுத் தடத்தில், திரும்பப் பாடி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். நகலெடுத்து மேலே வைத்தால் சத்தம் கூடும், குரல் தடிக்காது. மறுபடி பாடினால் சுதியும் நேரமும் மயிரிழை விலகும். அந்த விலகல்தான் கனம். கொஞ்சம் அதிகமாக விலகினாலோ இரண்டு பேர் பாடுவதுபோல் ஆகிவிடும். வரி முடிகிற இடத்தில் 'ஸ்', 'ட்' எல்லாம் இரட்டையாக விழும். கோபேன் இதற்கு இணங்கவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னனும் இப்படித்தான் பாடினார் என்று விக் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார்.

இப்போது 'சம்திங் இன் த வே'. குழுவாக வாசித்துப் பார்த்தார்கள், பாட்டு அமையவில்லை. கோபேன், பதிவுக் கருவிகள் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கு வந்து, சோபாவில் படுத்தபடி, கிசுகிசுக்கிற குரலில் பாடிக் காட்டினார். விக் அங்கேயே மைக் வைத்தார். கதவைப் பூட்டினார், ஃபேனை நிறுத்தினார், தொலைபேசி இணைப்பைப் பிடுங்கினார். ஃபேன் ஓடும் அறையில் போனில் பாட்டுப் பதிந்தவர்களுக்குக் காரணம் தெரியும்: குரல் சன்னமானால் மைக்கின் அளவை ஏற்ற வேண்டும், ஏற்றினால் ஃபேனும் சேர்ந்து ஏறும்.

சிக்கல் பிறகுதான். வழக்கமாக டிரம்ஸ் முதலில் பதிவாகும், குரல் அதன்மேல் வரும். இங்கே தலைகீழ். குரலும் கிடாரும் முதலில் வந்துவிட்டன, வேகம் மாறாமலிருக்கக் காதில் சீராகத் தட்டும் 'க்ளிக்' ஒலியும் இல்லை. பலமாக அடித்தே பழகிய டிரம்ஸ் கலைஞர் டேவ் க்ரோல், பாட்டு மூச்சு விடுகிற இடமெல்லாம் பார்த்து மெல்ல அடிக்க வேண்டியிருந்தது. கிடாரோ பழசு, வழக்கமான சுதியிலேயே இல்லை. அதனால் கிறிஸ்ட் நோவோசெலிக் பாஸ் கிடாரின் சுதியை அதற்கேற்ப இறக்கினார். வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியமான செல்லோவை வாசித்தவரும் அந்தக் கோணல் சுதியோடுதான் சேர வேண்டியிருந்தது. கிடாரைச் சரிசெய்து மறுபடி பதிந்திருக்கலாமே என்று தோன்றும். பதிந்திருந்தால் அந்தச் சோபாக் குரல் போயிருக்கும்.

ஆண்டி வாலஸின் மிக்ஸிங், அதாவது பதிந்த ஒலிகளை அளவாகக் கலந்த வேலை, பற்றியும் சொல்ல நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். 'லித்தியம்' பாட்டை வாசிக்கும்போது வேகம் ஏறிக்கொண்டே போனது. க்ரோல் க்ளிக் கேட்டு வாசித்துத்தான் அது நின்றது. அதற்கு முன் ஒரு டேக், அதாவது ஒரு முறை வாசித்துப் பதிந்தது, சரிவராமல், கோபேன் ஆத்திரத்தில் வேறொன்றை வாசித்துக் கிடாரையே உடைத்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவு சிடியில் கடைசிப் பாட்டுக்குப் பின், சுமார் 10 நிமிட மௌனம் தாண்டி வரும். முதலில் அச்சான பிரதிகளில் தவறுதலாக விடுபட்டுப்போயிற்று. உங்கள் சிடியை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பாருங்கள். வணக்கம்.