ரெண்டு பெருநாள் கொண்டாடின கோழிகள்

மட்டக்களப்பில், பல சபை இளையோரும் சேர்ந்து வைத்த பட்டிமன்றம். தலைப்பு: "சங்கடமான விசயங்களைச் சபைக்குள் திறந்து பேசுவது விசுவாசத்தை வளர்க்குமா, குலைக்குமா?" 'வளர்க்கும்' அணியின் இரண்டாவது பேச்சு.

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிக்கும், முன்வரிசையில இருக்கிற சுவாமிமாருக்கும் போதகர்மாருக்கும், பின்வரிசையில கச்சான் கொறிச்சுக்கொண்டு இருக்கிற உங்களுக்கும் வணக்கம். பத்து நிமிசம்தான் தந்திருக்கு. அதில ஒரு நிமிசம் இந்த மைக்கை நிமித்தவே போயிட்டுது. அதால வாழ்த்துரை முடிஞ்சுது.

எதிரணித் தலைவர் ஐயா என்ன சொன்னார்? "கோயிலுக்கு வாறது கும்பிட. கதைக்க வேணுமெண்டா கல்லடிப் பாலத்துக்குப் போங்க, அங்க வாவிக்குள்ள பாடுற மீனாவது பதில் பாடும்." அப்பிடித்தானே ஐயா? நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தன். எங்கட அணித் தலைவர்ட மனுசியும் கைதட்டினவ. அதை அவர் வீட்டில போய்த் திறந்து பேசட்டும்.

நான் எழுதிக்கொண்டு வந்த பேச்சு இந்தா, எட்டுப் பக்கம். மடிச்சுப் பொக்கற்றுக்குள்ள வச்சிட்டன். ஐயா சொன்ன இடத்துக்கே போவம். பாலத்துக்கே போவம்.

ஐயா, நீங்க அந்தப் பாலத்தடிக்குக் கடைசியா எப்ப போனீங்க? ஒரு ஞாயிறு பின்னேரம் போய்ப் பாருங்க. காலையில பூசையிலயும் ஆராதனையிலயும் வாய் திறக்காத ஆக்கள் முழுப்பேரும் அங்கதான் நிக்கிறாங்க. ஒருத்தர் தூண்டில் போட்டுக்கொண்டு பக்கத்தில நிக்கிறவருக்குச் சொல்லுறார், மகள் வேற மதத்துப் பொடியனை விரும்புறாளாம். பக்கத்தில நிக்கிறவர் சொல்லுறார், மனுசி எடுத்த நுண்கடனுக்குக் கிழமைக்குக் கிழமை ஆள் வந்து கடப்படியில நிக்குதாம். அங்கால ஒரு ஆள், அவர்ட புள்ள குவைத்தில இருந்து ரெண்டு மாசமாப் போன் எடுக்கல்லயாம். சபைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நாங்க கொண்டுபோய் மீனுக்குச் சொல்லுறம். மீன் பாடுது எண்டு நினைக்கிறீங்களா ஐயா? அது எங்கட கதையைக் கேட்டு அழுகுது!

இன்னும் ஒண்டு. அந்த மீன் பாட்டை முதல்ல கேட்ட ஆக்கள் எப்பிடிக் கேட்டாங்க? நிலாக் காலத்தில வள்ளத்தை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியைக் காதில வச்சுக் கேட்டாங்க. போன நூற்றாண்டில லாங் அடிகளார் எண்ட கத்தோலிக்கக் குரு அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்து, அது இலங்கை வானொலியிலயும் போச்சு. நடுவர் ஐயா, இதை எழுதிக்கொள்ளுங்க. வாவிக்குள்ள கிடக்கிற மீன் என்ன சொல்லுது எண்டு கேக்கப் பாடுபட்ட ஆள் ஒரு சுவாமியார். மீனுக்குக் காது குடுத்த திருச்சபை, வாங்கில இருக்கிற மனுசனுக்குக் காது குடுக்கக் கூடாதா?

இப்ப தட்டுங்க.

இனி எங்கட வீட்டுக்கு வாங்க. அது ஒரு மாதிரி வீடு. அப்பா கத்தோலிக்கம், அம்மா மெதடிஸ்த. வேலிக்கு அங்கால சைவக்கார மாமி ஒராள். சொந்த மாமி இல்ல, ஆனா சொந்த மாமியை விடக் கூடத் தேங்காய் தந்தவ. தைப்பொங்கலண்டு எட்டரைக்கெல்லாம் கடப்படியில வந்து நிப்பா. கையில எவர்சில்வர் சட்டி, மேல வாழையிலைத் துண்டு. இலையை விலக்கினா ஆவி பறக்கும், நெய் மணக்கும், கஜு பொன்னிறமாக் கிடக்கும், பிளம்ஸ் ஒவ்வொண்டும் ஊதிப்போய் உருண்டையா நிக்கும். அம்மா ரெண்டு கையாலயும் வாங்குவா. "ஏன் மாமி கரைச்சல் படுறீங்க" எண்டு சிரிப்பா. மாமி கிறுகிப் போவா. அவட சீலைத் தலைப்பு வேலிக்கு அங்கால மறைஞ்சதும் அம்மா நேரே கோடிப்பக்கம் போய், "பா பா பா பா!" ஆறு பேடும் ஒரு சேவலும் பறந்தடிச்சு வரும்.

ஏன்? ஏதோ ஒரு செபக்கூட்டத்தில ஆரோ சொன்னதாம், படையல் சோறு வாயில படக்கூடாதெண்டு. ஆர் சொன்னது, எங்க சொன்னது, அம்மாக்கே நினைவில்ல. போதகரிட்டக் கேட்டாவா? இல்ல. அப்பாட்ட? இல்ல. கோழிக்குப் போட்டா. எனக்கு அப்ப ஒன்பது வயசு. நெய் மணத்துக்குள்ள நான் நிக்கிறன், கோழி தின்னுது. நடுவர் ஐயா, என்ட வாழ்க்கையில நான் பொறாமைப்பட்ட முதல் சீவன் ஒரு சிவப்புப் பேடு.

மறுகா நத்தார் வரும். அம்மா ரிச் கேக் அடிப்பா. ரவை, முட்டை, கஜு, பூசணித் தோசி எல்லாம் போட்டு. சதுரம் சதுரமா வெட்டி, அதே எவர்சில்வர் சட்டியில அடுக்கி, மாமிட்டக் கொண்டு போவா. மாமி ரெண்டு கையாலயும் வாங்குவா. "ஏன் புள்ள கரைச்சல் படுறாய்" எண்டு சிரிப்பா.

அந்த வருசம் நத்தார் பின்னேரம் நான் முத்தத்தில நிக்கிறன். எங்கட சிவப்புப் பேடு வேலிப் பொட்டுக்குள்ளால நுழைஞ்சு அங்கால போகுது. அதுக்குப் பின்னால இன்னொண்டு. அதுக்குப் பின்னால இன்னொண்டு. ஆயித்தியமலை மாதா கோயிலுக்குப் பாதயாத்திரை போற மாதிரி வரிசையாப் போகுது. நானும் குனிஞ்சு பொட்டுக்குள்ளால போனன். மாமிட கிணத்தடி. வாழைக்குக் கீழ எங்கட கேக்! சதுரம் சதுரமா, அம்மா வெட்டினபடியே கிடக்கு. கோழி கஜுவை மட்டும் தெரிஞ்செடுத்துக் கொத்துது, நாங்க கல்யாண வீட்டில செய்யிற மாதிரி.

நான் போட்டன் ஒரு சத்தம். "அம்மோ! எங்கட கோழி எங்கட கேக்கை மாமிட வளவுக்குள்ள நிண்டு தின்னுது!"

பின்வரிசைக்குக் கேக்கல்லயாம், திரும்பச் சொல்லுறன். எங்கட கோழி. எங்கட கேக். மாமிட வளவு. தையில மாமிட பொங்கல் எங்கட வளவுக்குள்ள, மார்கழியில எங்கட கேக் மாமிட வளவுக்குள்ள. அந்தத் தெருவில ரெண்டு பெருநாளையும் குறையில்லாமக் கொண்டாடினது அந்த ஏழு சீவன்தான். சர்வமத ஒன்றியத்துக்குத் தலைவர் தேவையெண்டா அந்தச் சேவலைத்தான் போட வேணும்.

சத்தம் கேட்டு மாமி வெளிய வந்தா. அம்மா வேலிக்கு மேலால எட்டிப் பார்த்தா. ரெண்டு பேரும் கோழியைப் பார்க்கிறாங்க, ஒராளை ஒராள் பார்க்கல்ல. மாமிதான் முதல்ல வாய் திறந்தா. "கோவிக்காத புள்ள. மார்கழியில எங்களுக்குப் பிள்ளையார் கதை, திருவெம்பாவை எண்டு விரதம். கேக்கில முட்டை. உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியல்ல." அம்மாக்கு முகம் கறுத்துப் போச்சு. அவவும் சொன்னா, பொங்கலுக்கு நடக்கிறதை. மாமி சிரிக்கல்ல. கொஞ்ச நேரம் சும்மா நிண்டா. மறுகா சொன்னா: "உங்களுக்குத் தாறது முத்தத்துப் பானைப் பொங்கல் இல்ல புள்ள. படையல் தின்னமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும்தானே. குசினி அடுப்பில வேறயா ஒரு சட்டி வைக்கிறனான். நீ கலியாணம் முடிச்சு வந்த வருசம் தொட்டு."

பதினொரு வருசம், நடுவர் ஐயா. பொங்கலண்டு விடியச் சாமம் ஒழும்பி, முத்தத்தில ஒரு அடுப்பு, குசினிக்குள்ள எங்களுக்கெண்டு இன்னொரு அடுப்பு. அதைக் கோழி திண்டது. "மாமி, இது படைச்சதா?" எண்டு ஒரேயொரு கேள்வி கேட்டிருந்தா? நான் பிறந்த பிறகு ஒன்பது பொங்கல். பல் முளைக்காத ஒண்டைக் கழிச்சா எட்டு. எட்டுச் சட்டிப் பொங்கல் எனக்கு இண்டைக்கும் வரவேண்டிக் கிடக்கு.

எதிரணித் தங்கச்சி ஒரு வசனத்தை எடுத்து வீசினா. 1 கொரிந்தியர் 10:27. அவிசுவாசி ஒருவன் விருந்துக்குக் கூப்பிட்டா ஒண்டையும் விசாரிக்காமச் சாப்பிடச் சொல்லுறார் பவுல். "பவுலே கேள்வி கேக்காத எண்டார்" எண்டா. நல்ல வெட்டு. நான் கொஞ்சம் ஆடித்தான் போனன். ஆனா தங்கச்சி, அந்தப் பதில் எப்பிடி வந்தது? கொரிந்துச் சபைக்காரர் சங்கடமான கேள்வியெல்லாம் எழுதி அனுப்பினாங்க. அதில படையல் விசயத்துக்கு மட்டும் 8, 9, 10 எண்டு மூண்டு அதிகாரம் போகுது. கேள்வி கேக்காத எண்டு சொல்லுறதுக்கே மூண்டு அதிகாரம் கதைச்ச மனுசன் அவர். அதோட, சாப்பிடு எண்டுதானே சொன்னார்? கோழிக்குப் போடு எண்டு சொல்லல்லயே!

பேதுரு அந்தியோக்கியாவில செய்தது என்ன? யூதரல்லாத புறசாதியாரோட ஒரே பந்தியில இருந்து சாப்பிட்டவர், எருசலேமில இருந்து யாக்கோபுட ஆக்கள் வந்ததும் மெல்ல விலகினார். அதுவும் எங்கட கதைதான், கோழிதான் இல்ல. பவுல் எல்லாருக்கும் முன்னால முகத்துக்கு நேரே கேட்டார். சபை உடைஞ்சுதா? அந்த ரெண்டு பேருக்கும் இண்டைக்கும் ஒரே நாளில பெருநாள், ஜூன் 29.

சபை கூடி வாதாடின அப்போஸ்தலர் 15ஐ எங்கட தலைவர் சொல்லிட்டார், விடுறன். தாலி விசயம் மட்டும் ஒரு சொல்லு. தாலியில என்ன உருவம் இருக்கலாம் எண்டு இப்பவும் குசுகுசுக்கிறீங்களே, 1704இல பாண்டிச்சேரியில பாப்பரசர்ட தூதுவர் தூர்னோன் போட்ட கட்டளையிலயே பிள்ளையார் உருவம் வச்ச தாலி கூடாதெண்டு கிடக்கு. நாற்பது வருசம் வழக்காடி 1744இல பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ற் அதுக்கு ஒரு முடிவு சொன்னார். உரோமாபுரியில நாற்பது வருசம் கதைச்ச தாலியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில நாலு நிமிசம் கதைக்க எங்களுக்குப் பயம்.

இனிச் சொல்லுறதுக்குக் கைதட்டாதீங்க. 2019 ஏப்ரல் 21. உயிர்த்த ஞாயிறுக் குண்டு. எங்கட சீயோன் தேவாலயம். புள்ளைகள். அதுக்குப் பிறகு முஸ்லிம் ஆக்கள்ட காத்தான்குடிக் கடையில துணி எடுக்கலாமா எண்டு நாங்க வட்ஸ்அப்பில கதைச்சம், சந்தையில கதைச்சம், பூசை முடிஞ்சு மதிலோரம் நிண்டும் கதைச்சம். கோயிலுக்குள்ள இருந்து, "எனக்குக் கோவமாக் கிடக்கு, எனக்குப் பயமாக் கிடக்கு" எண்டு ஒராள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி அதே காத்தான்குடியில, பள்ளிவாசலுக்குள்ள தொழுதுகொண்டிருந்த ஆக்களைச் சுட்டாங்க. அவங்களுக்காகவும் நான் இருந்த வாங்கில ஒரு மன்றாட்டும் கேட்டதில்ல. ரெண்டையும் ஒரே மூச்சில சொல்ல எனக்கே இப்ப தொண்டை கட்டுது.

நடுவர் ஐயா முதல் மணி அடிச்சிட்டார். சரி. மணியைப் பற்றித்தான் நானும் சொல்ல நினைச்சன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கோயில். ஊர் பேர் வேணாம். எண்பதுகள்ட கடைசி. பத்தொன்பது வயசுப் பொடியன் ஒருத்தன் தன்ட உயிரைத் தானே முடிச்சிட்டான். அந்தக் கால வழக்கம் உங்களுக்குத் தெரியும். மணி அடிக்கிறதில்ல. பெட்டியை உள்ள கொண்டு வாறதில்ல. தாய் போய்க் கேக்கவும் இல்ல. கேட்டா இல்ல எண்டு சொல்லுவாங்க எண்ட பயம். சேமக்காலையில வேலியோரம் அடக்கம் பண்ணினாங்க. அவ கோயிலை விடல்ல. ஒவ்வொரு ஞாயிறும் வருவா. கடைசி வாங்கு, கதவடி. மார்கழி மழை சரிச்சு அடிச்சாலும் அந்த இடத்தால அரக்கமாட்டா. நற்கருணைக்கு எல்லாரும் ஒழும்பிப் போக, அவ முழங்காலில நிப்பா. நான் சின்னனில நினைச்சன், இவ ஏதோ பெரிய பாவம் செய்த ஆள் எண்டு.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில அப்பிடி ஒரு வரி இருந்தது. வேணுமெண்டு உயிரை முடிச்சவனுக்கு அடக்கச் சடங்கு இல்லயெண்டு. 1983இல புதுச் சட்டம் வந்தது. அதில அந்த வரி இல்ல. எடுத்திட்டாங்க. அந்தப் பொடியன் செத்தது அதுக்குப் பிறகு ஐயா! குசினி அடுப்பில அவளுக்கெண்டு ஒரு சட்டி வச்சுக் கிடந்தது. ஒராளும் சொல்லல்ல. அவளும் கேக்கல்ல.

கொஞ்ச வருசத்துக்கு முதல் ஒரு இளம் சுவாமி மாறி வந்தார். ஒரு ஞாயிறு பிரசங்கத்தில, ஏதோ போற போக்கில சொன்னார், அப்பிடிப் போன ஆக்களுக்கும் மணி அடிக்கலாம், பூசை வைக்கலாம் எண்டு. கோயிலுக்குள்ள ஒரு இருமல் கூட இல்ல. கதவடியில ஒரு சத்தம். அவ வாங்கைப் பிடிச்சுக்கொண்டு ஒழும்பி நிக்கிறா. "எண்டைக்கு இருந்து சுவாமி?"

சுவாமி வருசத்தைச் சொன்னார். அவ நிண்டபடியே விரலை மடிச்சு மடிச்சு எண்ணினா.

ரெண்டாவது மணி. அடியுங்க ஐயா, எனக்குக் கோவமில்ல. எனக்குப் பத்து நிமிசத்தில ரெண்டு தரம் அடிச்சாச்சு. அந்தப் பொடியனுக்கு அடுத்த ஞாயிறு அடிச்சுது, முப்பது வருசத்துக்கு மேல பிந்தி. கயிறை இழுத்தது அவதான். தனிய இழுக்க அவட கையில பெலன் இல்லாததால, கீழ் நுனியை நான் பிடிச்சன்.

வணக்கம்.